வாசல் விளக்கும் பச்சைக் கம்பியும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

பொழுது சாய்ந்ததும் வீட்டு வாசலில் விளக்கேற்றி வைப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அன்று மாடத்தில் அகல் விளக்கு எரிந்தது. இன்று கேட்டுத் தூணின் மேலும், முன் தாழ்வாரத்திலும், கிணற்றடியிலும், மொட்டை மாடியிலும் மின்விளக்குகள் எரிகின்றன. அகல் விளக்கு அணைந்தால் வாசல் இருட்டாகும், அவ்வளவே. மின்விளக்கு பழுதுபட்டாலோ இருட்டோடு ஆபத்தும் வரலாம். சில சமயம் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதைத் தாங்கும் இரும்புத் தூணில் மின்சாரம் ஏறியிருக்கும். கண்ணால் பார்த்தால் அது தெரியாது. தொட்டவருக்குத்தான் தெரியும்.

இந்த ஆபத்திலிருந்து காப்பதற்காகவே மின்விளக்குக்குப் பச்சை நிறத்தில் ஒரு கம்பி கொண்டுபோகப்படுகிறது. நம் அறிவியல் பாடத்தில் அதைப் புவித்தொடுப்புக் கம்பி என்று படிக்கிறோம். எலெக்ட்ரீஷியன்கள் அதை ‘எர்த் வயர்’ என்பர். வீட்டுக்குள் இருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் எர்த் வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். வாசல் விளக்கை மட்டும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே அதைப் பற்றி நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

வெளி விளக்குக்கு ஏன் தனிக் கவனம்?

வீட்டுக்குள் எரியும் விளக்கு கூரையில் தொங்குகிறது. அதை யாரும் தொடுவதில்லை. மழையும் வெயிலும் அதன்மேல் படுவதில்லை. வெளி விளக்கின் நிலையோ வேறு. சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் கம்பியின் மேலுறை காய்ந்து வெடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வெடிப்பின் வழியே நீர் இறங்குகிறது. நம் தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவ மழையாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. எறும்பும் பல்லியும் விளக்கின் கூண்டுக்குள் குடியேறுகின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது.

இவை ஒருபுறம் இருக்க, வெளி விளக்கைத் தாங்குவது பெரும்பாலும் இரும்பு. இரும்புக் குழாயின் உச்சியில் விளக்கு, அதே தூணில் இரும்புக் கேட், கேட்டை ஒட்டி இரும்புக் கம்பி வேலி என்று ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருக்கும். ஓரிடத்தில் மின்சாரம் கசிந்தால் அத்தனையிலும் பரவிவிடும்.

மூன்றாவதாக, வாசலில் நிற்பவர் ஈர மண்ணில், பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கிறார். கோலம் போடும் அம்மா, பால் கொண்டுவருபவர், செய்தித்தாள் போடும் சிறுவன், கேட்டில் ஏறி ஊஞ்சலாடும் தம்பி தங்கையர் ஆகியோரே வெளி விளக்கின் தூணை அதிகம் தொடுபவர்கள். அவர்களில் பலர் அந்த வீட்டாரும் அல்லர். அந்த வீட்டில் எர்த் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டறிய அவர்களுக்கு வழியும் இல்லை.

மூன்று கம்பிகளின் வேலை

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை தன் சுழற்சியை முடிக்கிறது. தெருக்கோடியில் உள்ள மின்மாற்றியிலிருந்து அது ஃபேஸ் கம்பி வழியாக வருகிறது. விளக்கை எரித்துவிட்டு நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்புகிறது. வழக்கமாக ஃபேஸ் கம்பி சிவப்பாகவோ மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும். நியூட்ரல் கருப்பு. எர்த் கம்பி பச்சை அல்லது பச்சையில் மஞ்சள் கோடு.

விளக்கு எரிவதற்கு முதலிரண்டு கம்பிகளே போதும். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை பச்சைக் கம்பியில் மின்னோட்டம் இராது. ஒருநாள் ஃபேஸ் கம்பியின் உறை தேய்ந்து, அது விளக்கின் உலோக உடலைத் தொட்டுவிட்டால் அப்பொழுதுதான் பச்சைக் கம்பிக்கு வேலை வருகிறது. உலோக உடலில் ஏறிய மின்சாரத்திற்கு அது ஓர் எளிய பாதையைத் திறந்துவிடுகிறது. அப்பாதையில் மிகப் பெரிய மின்னோட்டம் பாயும், அதைத் தாங்க மாட்டாமல் ஃபியூஸ் உருகும், மின்சாரம் நின்றுவிடும்.

பச்சைக் கம்பி இல்லாவிட்டாலும் விளக்கு அழகாகவே எரியும். அதனால்தான் அது இல்லாத குறை வெகுநாள் வரை யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கேட்டுத் தூணில் அழகிய கண்ணாடிக் கூண்டு விளக்கு இருக்கிறது. சென்ற ஐப்பசி மாதத்தில் ஒருநாள் மாலை, மழை விட்ட சமயம், பூக்கார அம்மா அந்தக் கேட்டைத் திறக்கக் கை வைத்தார். மறுகணம் கூடை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார். நல்ல வேளையாகக் கை கேட்டை விட்டு விலகிவிட்டது. அன்று இரவு முழுவதும் அவருக்குத் தோள் வரை மரத்துப் போயிருந்ததாகப் பின்னர் சொன்னார்.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடிவிட்டோம். டெஸ்டரைக் கேட்டில் வைத்ததும் அதன் சிறு விளக்கு எரிந்தது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத் தூண் விளக்கைக் கழற்றினார். உள்ளே நீர் தேங்கியிருந்தது. பல ஆண்டுகளாகக் குண்டு பல்பின் சூடு பட்டு, கம்பியின் உறை அப்பளம்போல் நொறுங்கியிருந்தது. அடுத்துத் தாழ்வாரத்தில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். அங்கே பச்சைக் கம்பி வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அதன் முனையில் டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்து தூணுக்கு இரண்டே கம்பிகள்தான் போயிருந்தன.

அந்த வீட்டுப் பெரியவர், “தூணுக்குப் பக்கத்திலேயே ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இதோடு கட்டிவிட்டால் போதாதா, தம்பி? தரையெல்லாம் உடைக்க வேண்டுமா?” என்று கேட்டார்.

“அது போதாது ஐயா. பேருக்கு எர்த் இருக்கும், ஃபியூஸ் போகாது” என்றார் எலெக்ட்ரீஷியன். தரையில் ஒரு பக்கமாகக் குழாய் பதித்து மூன்று கம்பிகளையும் புதிதாக இழுத்த பிறகே அவர் விளக்கைப் பொருத்தினார்.

மண்ணில் அடித்த கம்பி ஏன் போதாது? பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள, மின்சாரம் நம் உடலை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

உடலைக் கொல்வது எவ்வளவு?

ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். உடலில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று உணர்கிறோம். 10 மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசைகள் இறுகிவிடும்; பிடித்த பொருளை விட நினைத்தாலும் கை விடாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் மூச்சுத் தசைகள் இறுகி மூச்சுத் திணறும். 50 முதல் 100 மில்லி ஆம்பியர் சில நொடிகள் நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுத் துடிதுடிக்கத் தொடங்கி, இரத்த ஓட்டம் நின்றுவிடக்கூடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர், எவ்வளவு மின்னோட்டம் வரை மனிதர் தம் கையைத் தாமே விடுவித்துக்கொள்ள முடியும் என்று ஆராய்ந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். நம் போன்றோர் கூடுதலாக விழிப்புடன் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இத்தகைய சிறு அளவை நம் வீட்டு ஃபியூஸ் அறியுமா? 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கே சுமார் 260 மில்லி ஆம்பியர் வேண்டும். விளக்குகளுக்கு இடும் ஃபியூஸ் 5 ஆம்பியர், அதாவது 5000 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஒரு மனிதரின் உயிரைப் பறிக்கும் மின்னோட்டம் அதற்கு ஒரு பல்பு எரிவதைப் போலக்கூடத் தோன்றாது. ஃபியூஸ் இருப்பது கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக. அது தனியே நின்று நம்மைக் காக்காது. எர்த் கம்பி நன்றாக இருந்தால்தான் ஃபியூஸ் நம் உயிர் காக்கவும் உதவும்.

மூன்று வீடுகள், ஒரு கணக்கு

மின்னோட்டம் என்பது மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் வருவது. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்விதியை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அதைக் கொண்டு மூன்று வீடுகளின் கேட்டு விளக்குகளைப் பார்ப்போம். மூன்றிலும் ஒரே பழுது. ஃபேஸ் கம்பி இரும்புத் தூணைத் தொட்டுவிட்டது.

முதல் வீட்டில் எர்த் கம்பியே இல்லை. தூணில் 230 வோல்ட் நிற்கிறது. விளக்கும் எரிகிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் தூணைத் தொடுகிறார். அவர் உடலின் தடை 2000 ஓம் என்று கொள்வோம். 230ஐ 2000ஆல் வகுத்தால் 0.115 ஆம்பியர், அதாவது 115 மில்லி ஆம்பியர். இது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. ஃபியூஸ் அசையாது.

இரண்டாம் வீட்டில் தூணின் அருகே காய்ந்த மண்ணில் ஒரு சிறு கம்பியை அடித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த மண்ணின் வழியே மின்சாரம் செல்லும் பாதையின் தடை 100 ஓம் என்று கொள்வோம். 230ஐ 100ஆல் வகுத்தால் 2.3 ஆம்பியர். ஃபியூஸ் 5 ஆம்பியர் தாங்கும் ஆதலால் இப்பொழுதும் உருகாது. தூணில் ஏறக்குறைய முழு அழுத்தமும் அப்படியே நிற்கும். தொட்டவருக்கு முதல் வீட்டில் நேர்ந்த கதியே இங்கும் நேரும். மின்சாரமும் இரவு பகலாக மண்ணுக்குள் வீணாகும். 2.3 ஆம்பியர் என்பது சுமார் 530 வாட்; ஒரு நாளைக்கு 12 யூனிட்டுக்கு மேல்! காரணமின்றி மின் கட்டணம் ஏறியிருக்கும் வீடுகளில் இப்படி ஒரு கசிவு இருக்கக்கூடும்.

மூன்றாம் வீட்டில் பச்சைக் கம்பி தூணிலிருந்து அறுபடாமல் மெயின் பலகைக்கு வந்து, அங்கிருந்து நல்ல எர்த் குழியில் சேர்கிறது. பாதை முழுவதிலும் தடை 5 ஓம். 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் உடனே உருகிவிடும். விளக்கு அணைந்துவிடும். வீட்டார், “என்ன, வாசல் விளக்கு எரியவில்லையே?” என்று எலெக்ட்ரீஷியனை அழைப்பார்கள். யாருக்கும் தீங்கு நேராமல் பழுது வெளிப்பட்டுவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். “எர்த் போட்டால் மின்சாரம் பூமிக்குள் போய் மறைந்துவிடும்” என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. மின்சாரம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே திரும்பிச் செல்லவே முயலும். தெரு மின்மாற்றியின் நியூட்ரலும் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டு எர்த் குழியில் இறங்கும் மின்னோட்டம் மண்ணின் வழியே அந்த இடத்தைச் சென்றடைந்து மின்மாற்றிக்குத் திரும்புகிறது. திரும்பும் பாதை எவ்வளவு எளிதோ அவ்வளவு விரைவில் ஃபியூஸ் உருகும். பாதை கடினமானால் எர்த் இருந்தும் பயனில்லை.

நல்ல எர்த் குழி எப்படி இருக்கும்?

நம் நாட்டில் எர்த் அமைப்பதற்கென்றே ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதிமுறை உண்டு. அது முதலில் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1987இலும் 2018இலும் திருத்தப்பட்டது. அதன்படி குழாய் எர்த் அமைப்பதானால், 38 மில்லி மீட்டருக்குக் குறையாத உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைச் செங்குத்தாகப் புதைக்க வேண்டும். தகடு எர்த் அமைப்பதானால், 60 சென்டிமீட்டர் சதுரத் தகட்டை அதன் மேல் விளிம்பு 1.5 மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் இருக்குமாறு புதைக்க வேண்டும். கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளியிருப்பது நன்று.

குழாயைச் சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பு ஈரத்தில் கரைந்து மண்ணின் தடையைக் குறைக்கும். ஆனால் மழைநீரில் உப்பு நாளடைவில் கரைந்து போய்விடும். இரும்பையும் அது அரிக்கும். எனவே ஒருமுறை புதைத்துவிட்டு மறந்துவிடுவது தவறு.

மண்ணின் தன்மையும் முக்கியம். ஈரக் களிமண்ணில் தடை குறைவு. காய்ந்த மணலிலும் பாறை நிலத்திலும் தடை மிக அதிகம். கோடைக் காலத்தில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை எர்த் டெஸ்டர் என்னும் கருவியால் அளந்து ஓம் கணக்கில் சொல்லிவிடலாம். விவரமறிந்த எலெக்ட்ரீஷியனிடம் இந்தக் கருவி இருக்கும்.

வாசல் விளக்குக்கென்று தனிக் குழி தோண்ட வேண்டியதில்லை. வீட்டின் மெயின் எர்த்திலிருந்து பச்சைக் கம்பியை ஃபேஸ், நியூட்ரல் கம்பிகளோடு சேர்த்தே தூண் வரை கொண்டுபோக வேண்டும். அதைத் தூணின் மேல் வெறுமனே சுற்றிவிடக் கூடாது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே பெயின்டைச் சுரண்டிவிட்டு, கம்பியின் முனையில் வளையம் பொருத்தி, துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்க வேண்டும். விளக்கின் உலோக உடலையும் அதனோடு இணைக்க வேண்டும். பச்சைக் கம்பியின் நடுவே சுவிட்சோ ஃபியூஸோ வரக் கூடாது.

சிலர் செய்யும் இரு தவறுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எர்த் கம்பி கொண்டுபோகச் சோம்பி, விளக்கின் உடலை நியூட்ரல் கம்பியோடு இணைத்துவிடுகிறார்கள் சிலர். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், பழுதே இல்லாத விளக்கின் உடலிலும் பல்பின் வழியாக மின்சாரம் ஏறிவிடும். வேறு சிலர் தண்ணீர்க் குழாயோடு எர்த்தை இணைத்துவிடுகிறார்கள். பழைய இரும்புக் குழாயின் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்துவிட்டால் அந்தப் பாதை அறுந்துபோகும். குளிக்கும் குழாயிலும் மின்சாரம் ஏற இடமுண்டு.

இன்னொரு காவலன்

எவ்வளவு கவனமாகக் குழி அமைத்தாலும் கடுங்கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறத்தான் செய்யும். ஃபியூஸ் உருகும் அளவுக்கு மின்னோட்டம் பாயாமல் போகலாம். இக்குறையைப் போக்குவது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு காப்புக் கருவி. மக்கள் இதை ஈ.எல்.சி.பி. என்ற பழைய பெயராலும் குறிப்பிடுகிறார்கள்.

இது வேலை செய்யும் முறை மிக எளிது. ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா? போனது திரும்பி வராவிட்டால் இடையில் எங்கோ கசிகிறது என்று பொருள். இக்கருவி இரண்டையும் இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கு ஏற்ற கருவி, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். முன்பு சொன்ன இரண்டாம் வீட்டில்கூட இக்கருவி இருந்திருந்தால், தூணில் கசிவு தொடங்கிய கணமே மின்சாரம் நின்றிருக்கும். மேலே குறிப்பிட்ட பேராசிரியர் டால்சியலே 1961ஆம் ஆண்டில் இத்தகைய நுட்பமான கருவி ஒன்றை அமைத்தார்.

“அப்படியானால் எர்த் எதற்கு?” என்று கேட்கலாம். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு அதன் வழியே பாய்ந்து, கருவி நிறுத்திவிடும். எர்த் இல்லாவிட்டால், யாரேனும் ஒருவர் தொட்டு, அவர் உடல் வழியே பாய்ந்த பின்புதான் கருவிக்குத் தெரியும். ஆதலால் இரண்டும் வேண்டும். மேலும், ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டுவிட்டால் இக்கருவியால் கண்டுகொள்ள முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இக்கருவியில் ‘டி’ என்ற எழுத்துள்ள சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் நின்றால் கருவி நன்றாக இருக்கிறது. நிற்காவிட்டால் மாற்ற வேண்டும்.

கொடிக்கம்பியும் நட்சத்திரமும்

துணி காயப்போடும் இரும்புக் கம்பியின் ஒரு முனையை விளக்குத் தூணிலோ, மின்கம்பத்திலோ, கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ கட்டும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. ஈரத் துணியை உதறிப் போடும்போது மின்சாரம் தாக்கி உயிரிழந்த தாய்மார்கள் பற்றிய செய்திகளை மழைக் காலந்தோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். கொடிக்கு நைலான் கயிறே ஏற்றது. அதையும் மரத்தூணில் கட்டுவதே நல்லது.

கிறிஸ்துமஸ் காலத்தில் நம்மில் பலர் வீட்டு உச்சியில் நட்சத்திரம் தொங்கவிடுகிறோம். முற்றத்தில் குடில் அமைக்கிறோம். அதுவோ மழைக் காலம். சீரியல் செட்டுகள் பெரும்பாலும் மெல்லிய இரண்டு கம்பிகளால் ஆனவை. அவற்றில் எர்த் கிடையாது. வீட்டுக்குள் போடுவதற்கென்று செய்தவற்றை மழையில் போடக் கூடாது. நட்சத்திரத்தை இரும்புக் குழாயில் கட்டுவதைவிட மூங்கிலில் கட்டுவது மேல். ஒட்டுப் போட்ட இடம் தரையிலோ, இரும்புக் கிராதியிலோ, குடிலின் ஈர வைக்கோலிலோ படக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருக்கார்த்திகைக்கும் விளக்கலங்காரம் செய்வோருக்கும் இது பொருந்தும்.

எர்த் தேவைப்படாத விளக்குகள்

எல்லா விளக்குக்கும் எர்த் வேண்டும் என்பதில்லை. முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆகி, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த அடையாளம் உள்ள விளக்குகளுக்கு இரட்டைக் காப்பு உண்டு. அவற்றுக்கு எர்த் கம்பி தேவையில்லை. தக்க மின்மாற்றியின் வழியாக 12 வோல்ட்டில் எரியும் தோட்ட விளக்குகளும், சூரிய ஒளியால் எரியும் சிறு விளக்குகளும் அபாயம் குறைந்தவை.

வெளியில் பொருத்தும் விளக்கை வாங்கும்போது அட்டையில் ஐ.பி. என்ற எழுத்துகளையடுத்து இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. ஐ.பி. 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி. 65 என்றால் தூசி புகாது. குழாயால் பீய்ச்சும் நீரையும் தாங்கும். மழை நேரே விழும் இடத்துக்குப் பின்னதே ஏற்றது.

நாம் செய்ய வேண்டியவை

தோழியரே, மின்வேலை நாம் செய்யத் தக்கதன்று. உரிய சான்று பெற்றவரே செய்ய வேண்டும். ஆனால் கவனித்துப் பெற்றோரிடம் சொல்வது நம்மால் ஆகும்.

1. கேட்டையோ தூணையோ தொடும்போது சிறிது சுருக்கென்றாலும் அலட்சியம் செய்யாமல் உடனே சொல்ல வேண்டும். அதன்பின் யாரையும் அதைத் தொடவிடக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்தும்படி பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

2. வாசல் விளக்குக்கு எத்தனை கம்பிகள் போகின்றன என்று அடுத்த முறை எலெக்ட்ரீஷியன் வரும்போது கேட்க வேண்டும். இரண்டு என்றால் மூன்றாவதை இழுக்கச் சொல்ல வேண்டும்.

3. சுவிட்ச், ஃபேஸ் கம்பியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நியூட்ரலில் இருந்தால், நிறுத்திய பிறகும் பல்பு மாட்டும் இடத்தில் மின்சாரம் இருக்கும்.

4. பல்பு மாற்றும்போதும் விளக்கைத் துடைக்கும்போதும் மெயினை நிறுத்த வேண்டும்.

5. மழைக் காலத்துக்கு முன்பு விளக்குக் கூண்டின் விரிசல்களையும், கோடையில் எர்த் குழியின் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.

6. யாரேனும் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயினை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால் நாம் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கட்டையால் விலக்க வேண்டும். பிறகு 108க்குத் தொலைபேசியில் சொல்லி, மூச்சில்லாவிட்டால் நெஞ்சை அழுத்தி முதலுதவி தெரிந்தவர் உதவ வேண்டும்.

முடிவுரை

வாசல் விளக்குக்குப் பச்சைக் கம்பி இழுக்க ஆகும் செலவு, கண்ணாடிக் கூண்டு வாங்க ஆகும் செலவைவிடப் பல வீடுகளில் குறைவாகவே இருக்கும். கூண்டு எல்லார் கண்ணிலும் படும். கம்பி யார் கண்ணிலும் படாது. ஆனாலும் நம் வீட்டுக் கேட்டை நம்பித் தொடும் பால்காரர், பூக்காரர், தபால்காரர், பக்கத்து வீட்டுக் குழந்தை ஆகிய எல்லாருடைய உயிருக்கும் நாமே பொறுப்பு. எங்கள் தெருப் பூக்கார அம்மா அன்று ரப்பர் செருப்பு அணிந்திருந்ததால் பிழைத்தார் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். எல்லாரும் எப்பொழுதும் செருப்பு அணிந்துதான் வருவார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

இதைப் படிக்கும் பெற்றோர்களை நான் பணிவோடு வேண்டிக்கொள்வது ஒன்றே. இந்த மழைக் காலத்துக்குள் உங்கள் வாசல் விளக்கை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது கம்பி அங்கே வந்து சேர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.